மைனஸ் ஒன்றும் ஒரு எஃப்டி கார்டும்

வங்கியில் போட்ட எஃப்டியை (நிரந்தர வைப்பை) ஈடாக வைத்து நான் கிரெடிட் கார்டு வாங்கிய கதை, 2024 ஜூன் மாதம் ஒரு தையல் மிஷின் கடையில் ஆரம்பித்தது. ஜூக்கி பவர் மிஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். மேசை, மோட்டாரோடு 32,000 ரூபாய், பத்து மாதத் தவணை. ஆதார், பான் எல்லாம் கொடுத்தேன். கடைப் பையன் போனில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு சிபிலே இல்லியே" என்றான். யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைத்து ஸ்கோர் போடும் நிறுவனம்தான் சிபில். அந்த ஸ்கோரையும் சிபில் என்றே சொல்கிறார்கள். இல்லையென்றால் நல்லதுதானே, எனக்குக் கடனே இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். சிரித்தான். மிஷின் கிடைக்கவில்லை.

வில்லிவாக்கத்தில் 19 வருடமாகப் பிளவுஸ் தைக்கிறேன். ஆரி வேலைக்கு இரண்டு பெண்கள் கூட இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் கடன் வாங்காமலா இருந்தேன்? அயனாவரத்தில் சேட்டு அடகுக் கடையில் என் வளையல் போய் வராத வருடமே கிடையாது. ஒரு தடவைகூட நகை மூழ்கியதில்லை. ஏலச்சீட்டில் ஒரு தவணை தாமதமாகக் கட்டியதில்லை. ஆனால் சேட்டு கடை ரசீதும் சீட்டுக்கார அக்காவின் நோட்டும் சிபிலுக்குப் போவதில்லை. அதே வளையலை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கியிருந்தால் அது பதிவாகியிருக்கும். இதை யாராவது பத்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு வந்த கோபத்தில் நான் செய்தது இன்னும் பெரிய தப்பு. வீட்டுக்கு வந்து, விளம்பரத்தில் பார்த்த மூன்று ஆப்பில் அடுத்தடுத்து கிரெடிட் கார்டு கேட்டுப் போட்டேன். மூன்றும் இல்லை என்று வந்தது. பி.காம். படிக்கும் என் மகள்தான் சிபில் தளத்தில் போய் ரிப்போர்ட்டை இறக்கிக் காட்டினாள். ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 1. ஸ்கோர் என்பது 300-இலிருந்து 900 வரை என்கிறார்கள். எனக்குப் பூஜ்யம்கூடக் கொடுக்கவில்லை. மைனஸ் 1 என்றால் கெட்ட பெயர் இல்லையாம், பெயரே இல்லை என்று அர்த்தமாம். அதற்குக் கீழே கணக்குகள் என்ற பகுதி காலி. விசாரணைகள் என்ற பகுதியில் மட்டும் ஒரே வாரத்தில் நான்கு வரி: மிஷினுக்கு ஒன்று, கார்டுக்கு மூன்று. "ஒரே நாள்ல நாலு வீட்ல போய்க் கைமாத்து கேட்ட மாதிரிம்மா. அஞ்சாவது வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். அதுதான் விஷயம். நாம் கடன் கேட்டு விண்ணப்பம் போடும்போதெல்லாம் கொடுப்பவர் நம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறார், அந்தப் பார்வையும் பதிவாகிவிடுகிறது. நாமே நம்முடையதைப் பார்த்தால் அந்தக் கணக்கில் சேராது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நான்கு நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017-இலிருந்தே இந்த விதி இருக்கிறது. நாலையும் ஒரே நாளில் இறக்கிவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் பத்து வருடமாகப் பிளவுஸ் தைக்கும் ஒரு அக்கா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தளவு எடுத்துக்கொண்டிருந்தபோது கதையைக் கேட்டுவிட்டு, "எஃப்டி போட்டு அதும் மேல கார்டு வாங்கிக்கோ. அதுக்கு ஸ்கோர் கேக்க மாட்டாங்க" என்றார். அப்படி வாங்கிய கார்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாங்கிப் பதினாறு மாதம் ஆகிறது. ஒரு தனியார் வங்கி. பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். மற்ற வங்கிகளிலும் இந்த வகைக் கார்டு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது என்று விசாரித்த வரையில் தெரிகிறது.

நான் போட்ட எஃப்டி 20,000 ரூபாய். கார்டு லிமிட் அதில் 90 சதவீதம், 18,000. எஃப்டிக்கு 7 சதவீத வட்டி வந்துகொண்டே இருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 1,400 ரூபாய். கார்டுக்கு வருடக் கட்டணம் இல்லை. ஆனால் எஃப்டியைக் கார்டு இருக்கும் வரை தொட முடியாது. நாம் கட்டாமல் விட்டால் அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதாவது என் பணத்தையே எனக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். இதில் வங்கிக்கு என்ன தைரியம் வேண்டியிருக்கிறது என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் புரிந்தது, நான் வாங்குவது கடனே இல்லை. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாள் என்று ஒருவர் எழுதி அனுப்புகிறாரே, அந்த வரியைத்தான் வாங்குகிறேன்.

கிளையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எஃப்டி ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போதே அந்தத் தம்பி, "கூடவே ஒரு பாலிசி போட்டுடுங்க மேடம், கார்டு சீக்கிரம் வரும்" என்றார். வருடத்துக்கு 12,000 கட்டும் இன்சூரன்ஸ். கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேண்டாம் என்றேன், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை மகள் போனை எடுத்து, "எழுத்துல குடுங்க சார், பாலிசி போட்டாதான் கார்டுன்னு" என்றாள். அதோடு விட்டுவிட்டார். நீங்கள் போனால் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

கார்டு வர மூன்று வாரம் ஆனது. காரணம் சென்னைக்காரர்களுக்குப் புரியும்: ஆதாரில் பழைய கதவு எண், கரண்ட் பில்லில் புதிய கதவு எண். கூரியர்காரர் தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த கார்டில் பொறித்திருந்தது என் அப்பாவின் பெயர், அதற்குப் பின்னால் என் பெயர். பான் கார்டு எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள் இல்லையா, அதன் பலன். இன்றைக்கும் அந்த வங்கியிலிருந்து போன் வந்தால் இருபது வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த என் அப்பாவின் பெயரைச் சொல்லி "மேடம்" என்கிறார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுமுன் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர், முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு அந்த மூன்று வாரம் வீணானது.

இனி பயன்படுத்திய கதை. முதல் மாதமே ஒரு அடி. பில் தொகையை என் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டேன், இனி கவலை இல்லை என்று இருந்தேன். அது அடுத்த பில்லிலிருந்துதான் வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பில் 2,640 ரூபாய். கெடு 5-ஆம் தேதி. 6-ஆம் தேதி இரவு எஸ்எம்எஸ் பார்த்துவிட்டு உடனே கட்டினேன். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கும் பாக்கி என்று அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதனால் அந்த இரண்டிலிருந்தும் தப்பித்தேன். வட்டியிலிருந்து தப்பிக்கவில்லை. ஒரே ஒரு நாள் தாமதம்தானே என்று நினைத்தால், வட்டியை வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்கள். மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. எனக்கு வந்தது 106 ரூபாய், அதன் மேல் 19 ரூபாய் ஜிஎஸ்டி. சேட்டுகூட இந்த வட்டி வாங்குவதில்லை. 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகையைப் பில்லில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் பெயர் கெடாது, ஆனால் மீதிக்கு இதே வட்டி ஓடும். ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம் கொள்முதல். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, லைனிங் துணிக்குக் கோடவுன் தெரு, மணி, கல், ஜரிகை நூலுக்கு நாராயண முதலி தெரு. இதுதான் என் மாதாந்திரச் சுற்று. என் கார்டு ரூபே (நம் நாட்டுக் கார்டு வகை) என்பதால் போனில் யுபிஐயோடு இணைத்துக்கொண்டேன். ஸ்கேன் செய்தால் கார்டிலிருந்தே போகும். கோடவுன் தெருவின் பெரிய கடைகளில் ஒரு தொல்லையும் இல்லை. கார்டையே தேய்த்தால் 2 பர்சென்ட் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கும் கடையிலும் க்யூஆரில் கேட்பதில்லை. ஆனால் நடைபாதை ஓரம் மணி விற்கும் அண்ணனிடம் ஸ்கேன் செய்தால் போகவே போகாது. அவர் ஒட்டியிருப்பது சொந்தக் கணக்கின் க்யூஆர். கார்டிலிருந்து யுபிஐ வழியாகக் கடைக்கணக்குக்குத்தான் போகும், ஆளுக்குப் போகாது. "ஜிபே ஆகலியாம்மா?" என்று அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அவருக்கென்று 500 ரூபாய் நோட்டு தனியாக வைத்துக்கொள்கிறேன்.

இனி சொல்வதுதான் நான் கற்றுக்கொண்டதில் முக்கியம். கடன் கேட்பதில் தொகையைவிடத் தேதிதான் பெரிது.

வங்கி ஆப்பிலேயே மாதம் ஒருமுறை ஸ்கோர் காட்டும். 2024 டிசம்பரில் முதன்முதலாக எண் வந்தது: 726. மைனஸ் 1-இலிருந்து 726. வீட்டில் கேசரி செய்தேன், பொய்யில்லை. 2025 ஜனவரியில் தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பிளவுஸ் ஆர்டர் குவிந்தது. 10-ஆம் தேதி போய் ஒரே மூச்சில் 14,800 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தேன். பில் 18-ஆம் தேதி. பிப்ரவரி 4-ஆம் தேதி முழுசாகக் கட்டினேன், கெடுவுக்கு ஒரு நாள் முன்பே. பிப்ரவரியில் ஸ்கோர் 691. ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டியவளுக்கு 35 மார்க் குறைகிறது என்றால் என்ன நியாயம்?

மகள் ரிப்போர்ட்டை இறக்கினாள். அதில் பாக்கி என்று 14,800 நின்றிருந்தது. நான் கட்டியது அதற்கு அப்புறம். வங்கி பில் போட்ட அன்றைய தொகையைத்தான் அனுப்பியிருக்கிறது. 18,000 லிமிட்டில் 14,800 என்றால் 82 சதவீதம். பார்ப்பவருக்கு, இந்தப் பெண் கழுத்து வரை கடனில் நிற்கிறாள் என்று தோன்றும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனக்கு அது 5,400 ரூபாய். ஒரு முகூர்த்தத்துக்கு லைனிங் துணிக்கே பத்தாது. சின்ன லிமிட் கார்டின் பெரிய குறை இதுதான், வங்கியில் யாரும் சொல்வதில்லை.

வழி சுலபம்தான். கெடு வரை காத்திருக்காமல், பில் போடும் 18-ஆம் தேதிக்கு முன்பே கட்டிவிட வேண்டும். இப்போதெல்லாம் 16-ஆம் தேதி உட்கார்ந்து, 2,000 ரூபாயை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கட்டிவிடுகிறேன். பில் 2,000-க்கு வரும், அதை ஆட்டோ டெபிட் பார்த்துக்கொள்ளும். ஏப்ரலில் 744 ஆனது. முன்பெல்லாம் வங்கிகள் மாதம் ஒருமுறைதான் விவரம் அனுப்பும். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. நல்லதும் சீக்கிரம் தெரியும், கெட்டதும் சீக்கிரம் தெரியும்.

கொள்முதலையும் தேதிக்குள் கொண்டுவந்துவிட்டேன். 2025 தீபாவளி அக்டோபர் 20. சரக்கை செப்டம்பர் 20-ஆம் தேதி எடுத்தேன், பில் போன இரண்டு நாளில். அது அடுத்த பில்லில், அக்டோபர் 18-இல்தான் வரும். கட்டக் கெடு நவம்பர் 5. வட்டி இல்லாமல் 46 நாள்! அதற்குள் பிளவுஸ் தைத்துக் கொடுத்து, காசு வாங்கி, அக்டோபர் 16-ஆம் தேதியே கட்டிவிட்டேன். வேறு யாராவது எனக்கு 46 நாள் சும்மா கடன் கொடுப்பார்களா? கோடவுன் தெருவில் பழகின கடையில்கூடப் பதினைந்து நாள்தான்.

மிஷின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஸ்கோருக்குக் காத்திருந்தால் பிழைப்பு நடக்காது. 50,000 ரூபாய் சீட்டை 8,000 தள்ளி எடுத்து 2024 ஆகஸ்டிலேயே ரொக்கமாக வாங்கிவிட்டேன். பெயர் இல்லாததற்கு நான் கொடுத்த விலை அந்த 8,000. முதன்முதலில் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார், செய்தியில் படித்தேன். சரி, அதைக் கடைப் பையனின் போனுக்கு யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது கார்டுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தேன். 2025 மார்ச்சிலிருந்தே 'உங்களுக்காகவே' என்று தினம் ஒரு மெசேஜ். எதையும் தொடவில்லை. அந்த நான்கு விசாரணையும் பழசாகட்டும் என்று விட்டேன். ஜூலையில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். வரி எதுவும் வரவில்லை, ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத என்னைப் போன்றவர்களிடம் வருமானத்துக்குக் காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கிறது. செப்டம்பரில் ஸ்கோர் 763. 15 வருடமாக என் சேமிப்புக் கணக்கு இருக்கும் இன்னொரு வங்கியில், ஒரே ஒரு விண்ணப்பம். எஃப்டி எதுவும் கேட்காமல் 50,000 லிமிட்டில் கார்டு வந்தது. கதவு எண்ணுக்குப் பழையது, புதியது இரண்டையும் எழுதிக் கொடுத்தேன், கூரியர்காரர் ஒரே தடவையில் வந்துவிட்டார். புதுக் கார்டு சேர்ந்ததும் ஸ்கோர் 751-க்கு இறங்கியது. இந்தத் தடவை பதறவில்லை.

எஃப்டி கார்டுக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஏழு போடுவேன். சொன்ன வேலையைச் செய்தது. குறைத்ததில் ஒன்று பாலிசிக்காரத் தம்பிக்கு, ஒன்று ஆட்டோ டெபிட்டுக்கு. மூன்றாவது, அந்த 20,000 இன்னும் கட்டிப்போட்டுக் கிடப்பதற்கு. எஃப்டியை எடுக்க வேண்டுமானால் கார்டை மூட வேண்டும். மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, அதில் பயமில்லை. ஆனால் என் ரிப்போர்ட்டில் இருக்கும் பழைய கணக்கு அது ஒன்றுதான், அதை மூடிவிட்டு மிச்சமிருக்கும் இரண்டு மாதக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. இன்னும் ஒரு வருடம் கிடக்கட்டும்.

இப்போது எனக்கு ஒரு ஓவர்லாக் மிஷின் வேண்டும். போன வாரம் அதே கடைக்குப் போய் விலை கேட்டேன். அதே பையன்தான். "ஆஃபர் இருக்குக்கா, வட்டி கிடையாது. பான் நம்பர் சொல்லுங்க, ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்" என்று போனை எடுத்தான். புதுக் கார்டு வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. போனை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, மார்ச்சில் வருகிறேன் என்று வந்துவிட்டேன். அதுவரை ஓரத்துக்குப் பழைய மிஷினில் ஜிக்ஜாக்தான்.